காய்ச்சல் வராத ரத்தம்

மலேரியா குழந்தைகளைக் கொல்கிறது. அதே வீட்டுப் பெரியவர்களை விட்டுவிடுகிறது. அந்தப் பாதுகாப்பு எங்கிருந்து வருகிறது? அதை ஊசியில் அடைக்க முடியுமா?

மழை விட்டுச் சில வாரங்கள். காம்பியாவின் கிராமங்களில் கடலை அறுவடைக்குக் காத்திருக்கும் காலம். கொசுவுக்கும் அதுதான் பருவம். ஒரு வீட்டு முற்றத்தில் பாயில் கிடக்கிறது இரண்டு வயதுக் குழந்தை. உடம்பு அனலாய்ச் சுடுகிறது. கண் செருகுகிறது, கை கால் வெட்டி இழுக்கிறது. தாய் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வர வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் விரலில் ஊசி குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், பேத்தியின் ரத்தத்தில் இருக்கும் அதே ஒட்டுண்ணி அங்கேயும் ஒன்றிரண்டு தென்படக்கூடும். பாட்டிக்குக் காய்ச்சல் இல்லை. காலையில் வயலுக்குப் போய் வந்தவர்.

ஒரே வீடு, ஒரே கொசு, ஒரே கிருமி. மேற்கு ஆப்பிரிக்காவில் ஒவ்வொரு மழைக்காலத்தின் முடிவிலும் ஆயிரக்கணக்கான வீடுகளில் இதே காட்சிதான். பாட்டியின் ரத்தத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

1961-ல் இதற்கு ஒரு பதில் கிடைத்தது. பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்காக காம்பியாவில் பல ஆண்டுகள் பணியாற்றிய டாக்டர் இயன் மெக்ரிகர், சிட்னி கோஹன், காரிங்டன் ஆகிய மூவரும் சேர்ந்து, உள்ளூர்ப் பெரியவர்களின் ரத்தத்திலிருந்து காமா குளோபுலினைப் பிரித்தெடுத்தார்கள். ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருள்கள் குடியிருப்பது ரத்தத்தின் இந்தப் புரதப் பகுதியில்தான். மலேரியா முற்றிய குழந்தைகளுக்கு அதை ஊசியாகப் போட்டார்கள். சில நாட்களில் ஒட்டுண்ணிகளின் எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது, காய்ச்சல் தணிந்தது. மலேரியாவையே அறியாத பிரிட்டன்காரர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த அதே புரதத்துக்கு அந்தச் சக்தி இல்லை. (நோயாளிக் குழந்தைகளிடம் இப்படியொரு சோதனையை இன்றைய நெறிமுறைக் குழு லேசில் அனுமதிக்காது. அந்தக் காலம் வேறு.)

இரண்டு ஆண்டு கழித்து அதே குழு இன்னொன்றையும் காட்டியது. மேற்கு ஆப்பிரிக்கப் பெரியவர்களின் எதிர்ப்பொருள், கண்டத்தின் மறுகோடியில் இருக்கும் கிழக்கு ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கும் வேலை செய்தது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளி இருந்தும், ஒட்டுண்ணியின் உடம்பில் ஏதோ ஒரு பொதுவான இடத்தை அது தாக்கியது என்று அர்த்தம். அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் தடுப்பூசி தயார். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

60 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. இன்று ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்குப் போடப்படும் இரண்டு மலேரியா தடுப்பூசிகளுமே அந்த ரத்தத்தைப் பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல. பாட்டியின் உடம்பு பெரிதாகக் கண்டுகொள்ளாத ஓர் இலக்கைத்தான் அவை தாக்குகின்றன. இந்த விசித்திரத்தைப் புரிந்துகொண்டால், மலேரியா தடுப்பூசிக்கு ஏன் இத்தனை காலம் ஆனது என்பதும் புரிந்துவிடும்.

உயிரை விலையாகக் கொடுத்து

பெரியவர்களுக்கு மலேரியா தாங்கும் சக்தி வந்துவிடுகிறது என்பதை முதலில் ஒழுங்காகப் பதிவு செய்தவர் ஜெர்மானிய விஞ்ஞானி ராபர்ட் கோச். காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த அதே கோச்தான். 1899, 1900 ஆண்டுகளில் ஜாவாவிலும் நியூகினியாவிலும் ஊர் ஊராக ரத்தம் எடுத்துப் பார்த்தார். குழந்தைகளின் ரத்தத்தில் ஒட்டுண்ணி நிறைந்திருந்தது. வயது ஏற ஏறக் குறைந்தது. வெளியூரிலிருந்து புதிதாக வந்த பெரியவர்களோ குழந்தைகளைப் போலவே விழுந்தார்கள். அப்படியானால் வயது மட்டும் காரணமில்லை. அந்த ஊரில் எத்தனை காலம் கடிபட்டிருக்கிறோம் என்பதுதான் கணக்கு.

தட்டம்மை ஒருமுறை வந்து போனால் ஆயுளுக்கும் திரும்பாது. மலேரியா அப்படியில்லை. அதன் பாதுகாப்பு படிப்படியாக, பாதியும் முக்காலுமாகத்தான் வந்து சேரும். முதலில் சாவிலிருந்து தப்புகிறோம். மூளையைத் தாக்கும் வகையைத் தவிர்த்த மற்றக் கடுமையான மலேரியாக்களிலிருந்து ஒன்றிரண்டு தொற்றிலேயே பாதுகாப்பு வந்துவிடக்கூடும் என்று சுனேத்ரா குப்தா, ராபர்ட் ஸ்னோ முதலானோர் 1999-ல் கணித்தார்கள். சாதாரணக் காய்ச்சலே வராமல் இருக்க இன்னும் பல ஆண்டுகள் கடிபட வேண்டும். ஒட்டுண்ணி உடம்பில் துளியும் தங்காத நிலையோ பெரும்பாலோருக்குக் கடைசிவரை வருவதே இல்லை. பாட்டியின் ரத்தத்தில் நடப்பது ஒரு சமரசம். ஒட்டுண்ணி சிறு எண்ணிக்கையில் இருந்துகொள்ளும், அவரும் வயலுக்குப் போய்வருவார்.

அந்தச் சமரசமும் நிலையானதல்ல. மேற்படிப்புக்காக லண்டனுக்கோ பாரிசுக்கோ போன இளைஞன் சில ஆண்டு கழித்துச் சொந்த ஊருக்கு விடுமுறையில் வந்தால், முதல் வாரங்களிலேயே படுத்துவிடலாம். ஐரோப்பிய ஆஸ்பத்திரிகளில் மலேரியாவோடு வந்து சேர்பவர்களில் கணிசமானோர் இப்படிச் சொந்தபந்தங்களைப் பார்க்கப் போய்வந்தவர்கள்தான்.

பச்சைக் குழந்தைக்குச் சில மாதம் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் காவல். அது கரைந்த பிறகு, சொந்தப் பாதுகாப்பு உருவாகும் வரை உள்ள நான்கைந்து ஆண்டுகள்தான் கண்டம். ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் அந்தக் கண்டத்தைத் தாண்டி வந்தவர்கள். தாண்டாதவர்கள் கணக்கில் இல்லை. ‘இயற்கை எதிர்ப்பாற்றல்’ என்று நாம் வியந்து சொல்வதற்குள் இத்தனை சாவு ஒளிந்திருக்கிறது.

[ பெட்டிச் செய்தி ]
ஒரு கடி, பிறகு நடப்பது
பெண் அனாபிலிஸ் கொசு கடிக்கும்போது சில பத்து ஒட்டுண்ணிகள் மட்டுமே தோலுக்குள் இறங்குகின்றன. அவை நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. மலேரியா ஒட்டுண்ணிகளில் ஃபால்சிபாரம் என்ற வகை அங்கே சுமார் ஒரு வாரம் சத்தமில்லாமல் பெருகும். ஒரே ஒரு ஒட்டுண்ணியிலிருந்து பல்லாயிரம் பிறந்து ரத்தத்தில் கொட்டும். ஒவ்வொன்றும் ஒரு சிவப்பணுவுக்குள் நுழைந்து, 48 மணி நேரத்தில் பெருகி, அணுவை உடைத்துக்கொண்டு வெளியே வரும். காய்ச்சலும் நடுக்கமும் இந்த உடைப்பின்போதுதான்.
2023-ல் உலகில் சுமார் 26 கோடியே 30 லட்சம் பேருக்கு மலேரியா வந்தது. 5,97,000 பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. சாவுகளில் 95 சதவீதம் ஆப்பிரிக்கப் பிராந்தியத்தில். அங்கே இறந்தவர்களில் நான்கில் மூன்று பேர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள்.

எதிரியே காட்டும் இலக்கு

ஃபால்சிபாரம் ஒட்டுண்ணியின் முழு மரபணுத் தொகுப்பு 2002-ல் வெளியானது. சுமார் 5,300 மரபணுக்கள். இதில் எந்தப் புரதத்தைத் தாக்கினால் அது சாகும்?

உடம்பு அதிகமாகத் தாக்குவதைத்தானே நாமும் தாக்க வேண்டும் என்று தோன்றும். அங்கேதான் வழுக்கல். சிவப்பணுவுக்குள் புகுந்த ஒட்டுண்ணி, பிஎஃப்இஎம்பி1 என்ற புரதத்தை அணுவின் வெளிப்பக்கத்தில் நீட்டிவைக்கிறது. ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ள அதற்கு இது வேண்டும். ஒட்டாமல் ஓட்டத்தோடு போனால் மண்ணீரல் அந்த அணுவை வடிகட்டி அழித்துவிடும். மூளையின் நுண்குழாய்களில் இப்படி ஒட்டி அடைத்துக்கொள்வதுதான் குழந்தைகளுக்கு வலிப்பும் மயக்கமும் வரக் காரணம். நம் எதிர்ப்பொருள்கள் இந்தப் புரதத்தின் மீது பாய்கின்றன. ஆனால் ஒட்டுண்ணியிடம் அதைச் செய்ய சுமார் 60 மரபணுக்கள் உள்ளன. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் இயக்கும். உடம்பு ஒன்றை அடையாளம் கண்டு அழிப்பதற்குள் அடுத்ததற்கு மாறியிருக்கும். பக்கத்து ஊர் ஒட்டுண்ணியின் 60 வேறு. குழந்தை இவற்றை ஒவ்வொன்றாகச் சந்தித்துக் கற்றுக்கொள்ளத்தான் அத்தனை ஆண்டுகள் ஆகின்றன.

மாலி நாட்டின் பண்டியாகராவில் நடந்த ஒரு தடுப்பூசிச் சோதனை இந்தச் சிக்கலைக் கண்ணெதிரே காட்டியது. ஏஎம்ஏ1 என்பது ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் நுழையப் பயன்படுத்தும் புரதம். ஊர்ப் பெரியவர்களின் ரத்தத்தில் அதற்கு எதிர்ப்பொருள் ஏராளம். நல்ல இலக்கு என்று நம்பி மஹமாது தேரா தலைமையிலான குழு 400 குழந்தைகளிடம் சோதித்தது. 2011-ல் முடிவு வந்தபோது மொத்தப் பாதுகாப்பு வெறும் 17 சதவீதம். புள்ளியியல் கணக்கில் அது தேறவே இல்லை. ஆனால் தடுப்பூசியில் வைத்த அதே ரக ஒட்டுண்ணி வந்து தாக்கிய இடங்களில் மட்டும் 64 சதவீதம். ஊசி தன் வேலையைச் செய்திருக்கிறது. வந்த ஒட்டுண்ணிகளில் பெரும்பாலானவை வேறு வேஷத்தில் வந்திருந்தன.

நாய் முன்வாசலில் நின்று யாரைப் பார்த்தோ விடாமல் குரைக்கிறது. திருடன் கொல்லைப்புறமாகப் போய்க்கொண்டிருக்கிறான். நம் எதிர்ப்பாற்றல் பல நேரம் செய்வது இதுதான். அது எங்கே அதிகமாகச் சத்தம் போடுகிறதோ, அங்கே ஒட்டுண்ணி மாறிக்கொள்ளப் பழகியிருக்கும். காரணம் எளிது. பல்லாயிரம் ஆண்டுகளாக அதே இடத்தில் அடிவாங்கிப் பிழைத்த வம்சம்தான் இன்று இருப்பது. எதிர்ப்பொருள் நிறைய இருக்கிறது என்பதாலேயே ஒரு புரதத்தை நல்ல இலக்கு என்று எடுத்துக்கொண்டதுதான் பல தடுப்பூசிகளைக் கவிழ்த்தது என்பது என் கணிப்பு.

நாய் சில நேரம் திருடனையும் பிடிக்கிறது. ஒட்டுண்ணி வெளியே நீட்டும் இன்னொரு புரதக் குடும்பம் ரிஃபின். நம் எதிர்ப்பு அணுக்களில் எல்ஏஐஆர்1 என்ற ஒரு ‘நிறுத்து’ பொத்தான் உண்டு. ரிஃபின்களில் சில அதை அமுக்கிவிடுகின்றன. கென்யாவின் கிலிஃபி பகுதி மக்களின் ரத்தத்தில் 2016-ல் ஆராய்ச்சியாளர்கள் கண்டது யாரும் எதிர்பாராதது. சிலருடைய உடம்பு எல்ஏஐஆர்1 மரபணுவின் ஒரு துண்டையே வெட்டி எடுத்து, எதிர்ப்பொருளின் மரபணுவுக்குள் செருகியிருந்தது. ரிஃபின் தேடிவரும் அதே பொத்தானைத் தூண்டிலாக மாட்டியிருக்கிறது உடம்பு. மனித எதிர்ப்பொருள் இப்படியும் உருவாகலாம் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. இதைத் தடுப்பூசியால் வரவழைப்பது எப்படி என்பது வேறு கதை.

தலைப்பிரசவத்தின் ரகசியம்

இயற்கை தானாகக் கைகாட்டிய இலக்கு ஒன்று உண்டு. அது தாய்மார்களிடம் இருந்தது.

மலேரியா ஊரில் பிறந்து வளர்ந்து, இருபது வயதுக்குள் நல்ல எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்ட பெண்கூட முதல் முறை கர்ப்பமானதும் மீண்டும் மலேரியாவில் விழுகிறாள். ரத்தசோகை, எடை குறைந்த பிள்ளை, சில நேரம் வயிற்றிலேயே இறந்த பிள்ளை. இரண்டாவது, மூன்றாவது பிரசவங்களில் ஆபத்து குறைந்துகொண்டே வரும். கர்ப்பத்தில் எதிர்ப்புச் சக்தி மட்டுப்படுவதுதான் காரணம் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். அப்படியென்றால் இரண்டாவது பிரசவத்தில் ஏன் குறைய வேண்டும்?

கென்யாவில் பணியாற்றிய மிகால் ஃப்ரீட், பாட்ரிக் டஃபி இருவரும் 1996-ல் விடையைக் கண்டார்கள். பிரசவத்துக்குப் பின் நஞ்சுக்கொடியில் தங்கியிருந்த ஒட்டுண்ணிகளைச் சேகரித்துப் பார்த்தபோது, அவை உடம்பின் மற்ற இடங்களில் இருப்பவை போல் ஒட்டவில்லை. நஞ்சுக்கொடியில் செறிந்திருக்கும் காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட் ஏ என்ற பொருளைப் பிடித்துத் தொங்கின. கர்ப்பம் வந்ததும் உடம்பில் ஒரு புதிய உறுப்பு முளைக்கிறது. அதில் ஒட்டத் தெரிந்த ஒட்டுண்ணிக்கு அது புதிய வீடு. அந்த ரகத்தை அதுவரை அவள் உடம்பு பார்த்ததே இல்லை. எனவே தலைப்பிரசவத்தில் அவள் மறுபடியும் குழந்தைதான். பிறகு கற்றுக்கொள்கிறாள். பல பிள்ளை பெற்றவர்களின் ரத்தத்தில் அதற்கான எதிர்ப்பொருள் இருந்தது. அதே ஊர் ஆண்களிடம் இல்லை.

ஒட்டுவதற்கு உதவும் புரதம் எது என்பது 2003-ல் தெரிந்தது: விஏஆர்2சிஎஸ்ஏ. அந்த 60-ல் இந்த வேலைக்கு இது ஒன்றுதான். பெனினிலும் புர்கினா ஃபாசோவிலும் இதை வைத்துச் செய்த இரண்டு தடுப்பூசிகள் ஆரம்பக்கட்டச் சோதனைக்கு வந்தன. பாதுகாப்பானவை, எதிர்ப்பொருளும் உருவானது; ஆனால் தடுப்பூசியில் இருந்த ரகத்தை நன்றாகவும், வேறு ரகங்களை அரைகுறையாகவும் தடுத்தது அது. மாலியில் பார்த்த பழைய தொல்லையேதான்.

பெண்களின் உடம்பு இரண்டு பிரசவத்தில் செய்வதை நம் ஆய்வுக்கூடங்கள் இன்னும் செய்து முடிக்கவில்லை. கர்ப்பிணிகளுக்கான மருந்துச் சோதனைக்குப் பணம் போடுவோர் எப்போதும் குறைவு என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

[ பெட்டிச் செய்தி ]
பிறப்பிலேயே வந்த கவசம்
கடிபட்டுச் சேர்ப்பது ஒரு வகை. பெற்றோரிடமிருந்து வாங்கிவருவது இன்னொன்று. தலசீமியா போன்ற ரத்தக் கோளாறுகள் மலேரியாவிலிருந்து காப்பதால்தான் நிலைத்திருக்கின்றன என்று 1949-ல் ஊகித்தவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். பிற்காலத்தில் இந்தியாவுக்கே வந்து குடியேறி, புவனேஸ்வரில் காலமானவர். அரிவாள் அணு மரபணுவை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பெற்றவர்களுக்கு மலேரியாவிலிருந்து பாதுகாப்பு உண்டு என்பதை 1954-ல் ஆந்தனி ஆலிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் காட்டினார். இரு பக்கத்திலிருந்தும் பெற்றால் அது நோய்.
இந்தியாவில் இந்த மரபணு முதலில் பதிவானது நீலகிரியில். 1952-ல் லேமன், கட்புஷ் இருவரும் அங்குள்ள பழங்குடி மக்களிடம் அதைக் கண்டார்கள். இன்றும் நீலகிரியில் அரிவாள் அணு நோய்க்குத் தனிக் கவனம் தேவைப்படுகிறது. காடுகளில் மலேரியா அடங்கிய பிறகும், அதற்கெதிரான கவசத்தின் சுமையை அம்மக்கள் சுமந்துகொண்டிருக்கிறார்கள்.
கென்யாவின் கிலிஃபியில் டான்ட்டு என்ற அரிய ரத்தப்பிரிவு உண்டு. அதைக் கொண்டவர்களின் சிவப்பணுச் சவ்வு சற்று விறைப்பானது. ஒட்டுண்ணியால் எளிதில் நுழைய முடிவதில்லை என்று 2020-ல் தெரிந்தது.

உடம்பு கவனிக்காத இடத்தில்

ரூத் நுஸ்ஸென்ஸ்வைக் வியன்னாவில் பிறந்து, நாஜிகளுக்குத் தப்பிச் சிறுவயதில் பிரேசிலுக்குப் போன குடும்பத்துப் பெண். நியூயார்க்கில் பணியாற்றியபோது 1967-ல் அவர் செய்த காரியம் வேறு பாதையைத் திறந்தது. கொசுவிலிருந்து எடுத்த ஒட்டுண்ணிகளைக் கதிர்வீச்சால் முடமாக்கி எலிகளுக்குச் செலுத்தினார். எலிகளுக்கு நோய் வரவில்லை; பிறகு முடமாக்காத ஒட்டுண்ணியைச் செலுத்தியபோதும் பெரும்பாலானவை தப்பின. 1970-களில் மனிதர்களிடமும் இது நிரூபணமானது. ஆனால் ஒருவரை நூற்றுக்கணக்கான கொசுக்கள் திரும்பத் திரும்பக் கடிக்க வேண்டும். அப்படி ஒரு தடுப்பூசி முகாமை யாரால் நடத்த முடியும்?

அவரும் கணவர் விக்டரும் அடுத்துத் தேடியது, அந்த எதிர்ப்பு எதைத் தாக்குகிறது என்பதை. கொசு கடித்துச் செலுத்தும் நிலையில் ஒட்டுண்ணியின் மேல் முழுவதும் போர்த்தியிருக்கும் புரதம் அது: சிஎஸ்பி. இயற்கையில் கடிபடுபவர்களிடம் இதற்கு எதிர்ப்பொருள் பெரிதாக உருவாவதில்லை. கடிக்கும்போது இறங்குபவை சில பத்து, அவையும் கொஞ்ச நேரத்தில் கல்லீரலுக்குள் மறைந்துவிடுகின்றன. உடம்பு விழித்துக்கொள்ளுமுன் எல்லாம் முடிந்துவிடுகிறது. அடிவாங்காத இடம் என்பதால் ஒட்டுண்ணியும் அங்கே பெரிதாக மாறிக்கொள்ளவில்லை.

இந்தப் புரதத்தின் ஒரு பகுதியை ஹெபடைடிஸ்-பி புரதத்தோடு இணைத்து 1987-ல் உருவானது ஆர்டிஎஸ்,எஸ். சந்தைக்கு வர 30 ஆண்டுக்கு மேல் ஆனது. ஏழு ஆப்பிரிக்க நாடுகளில் 15,459 குழந்தைகளிடம் நடந்த இறுதிக்கட்டச் சோதனையில், நான்கு ஊசியும் போட்டுக்கொண்ட 5 முதல் 17 மாதக் குழந்தைகளுக்கு நான்கு ஆண்டுகளில் மலேரியா சுமார் 36 சதவீதம் குறைந்தது. போலியோ ஊசி தரும் பாதுகாப்போடு ஒப்பிட்டால் இது எடுபடாது. ஆனால் மலாவி, கானா, கென்யா ஆகிய மூன்று நாடுகளில் 2019-ல் தொடங்கிய முன்னோடித் திட்டத்தில், ஊசி போட்ட பகுதிகளில் குழந்தைகளின் மொத்த இறப்பே 13 சதவீதம் குறைந்தது. 2021 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. 2024 ஜனவரியில் கேமரூன் அதை வழக்கமான தடுப்பூசிப் பட்டியலில் சேர்த்த முதல் நாடானது.

அதே இலக்கைக் கொண்டு ஆக்ஸ்ஃபோர்டு உருவாக்கிய இன்னொன்று ஆர்21. 2023 அக்டோபரில் பரிந்துரை கிடைத்தது. தயாரிப்பது புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட். அறிமுகமானபோது ஓர் ஊசி 2 முதல் 4 டாலர் என்று விலை சொன்னார்கள். பருவமழைப் பகுதிகளில் முதலாண்டில் சுமார் 75 சதவீதப் பாதுகாப்பு. 20-க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகளில் இப்போது இந்த இரண்டில் ஒன்று போடப்படுகிறது.

இரண்டாவது உதாரணமும் இதே ரகம்தான். ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் நுழையக் கட்டாயம் தேவைப்படும் சாவி ஆர்எச்5. அது நம் அணுவின் பேசிஜின் என்ற புரதத்தைப் பிடிக்கிறது என்று 2011-ல் பிரிட்டனின் சாங்கர் நிறுவனத்தார் கண்டார்கள். எல்லா ரகங்களிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும் புரதம் இது. இயற்கையில் கடிபடுபவர்களிடம் இதற்கும் எதிர்ப்பொருள் சொற்பம். இதை வைத்து ஆக்ஸ்ஃபோர்டின் சைமன் ட்ரேப்பர் குழு செய்த தடுப்பூசி, புர்கினா ஃபாசோவின் நனோரோவில் குழந்தைகளிடம் ஆறு மாதத்தில் 55 சதவீதப் பாதுகாப்பு தந்தது. 2024 டிசம்பரில் முடிவு வெளியானது. கல்லீரலுக்குப் போகுமுன் ஒரு காவல், அதைத் தாண்டினால் ரத்தத்தில் இன்னொரு காவல் என இரண்டு தடுப்பூசிகளையும் சேர்த்துத் தரும் சோதனைகள் நடக்கின்றன.

இரண்டு வயதுக் குழந்தைகளிடம் கேட்டார்கள்

அப்படியானால் இயற்கையிடம் கற்க ஒன்றுமில்லையா? கேள்வியை வேறு மாதிரி கேட்டவர்கள் உண்டு. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தின் ஜோனாதன் குர்ட்டிஸ் குழு பெரியவர்களை விட்டுவிட்டு, டான்சானியாவின் முஹேசா பகுதியில் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கண்காணிக்கப்பட்ட குழந்தைகளை எடுத்துக்கொண்டது. ஒரே ஊர், ஒரே கொசு. சில குழந்தைகள் இரண்டு வயதிலேயே மலேரியாவை அடக்கிவைத்திருக்கின்றன. சில திரும்பத் திரும்ப விழுகின்றன. முதல் கூட்டத்தின் எதிர்ப்பொருள்கள் தொடுகிற, இரண்டாம் கூட்டத்தினுடையவை தொடாத புரதம் எது? எத்தனை எதிர்ப்பொருள் என்று அவர்கள் எண்ணவில்லை, வித்தியாசத்தைத் தேடினார்கள்.

அப்படிக் கிடைத்தது பிஎஃப்எஸ்இஏ-1. 2014-ல் வெளியானது. பெருகி முடித்த ஒட்டுண்ணிகள் சிவப்பணுவை உடைத்து வெளியேறத் தேவைப்படும் புரதம். இதற்கு எதிர்ப்பொருள் இருந்த காலத்தில் அந்தக் குழந்தைகளில் ஒருவருக்கும் கடுமையான மலேரியா வரவில்லை. 2020-ல் அடுத்தது வந்தது, பிஎஃப்ஜிஏஆர்பி. இதை எதிர்ப்பொருள் பற்றிக்கொண்டால், சிவப்பணுவுக்குள் இருக்கும் ஒட்டுண்ணி தானாகவே செத்துப்போகிறது. இரண்டும் இன்னும் தடுப்பூசி ஆகவில்லை. மனிதச் சோதனையில் எத்தனையோ இலக்குகள் மண்ணைக் கவ்வியிருக்கின்றன என்பதால் இவற்றைப் பற்றி ஆரவாரம் செய்ய நான் தயாரில்லை. ஆனால் தேடிய முறை சரியான முறை.

பாதுகாத்தால் பாதுகாப்பு போய்விடுமா?

இனி வரும் பகுதிதான் அரசுகளின் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயம். கடிபடக் கடிபட வரும் பாதுகாப்பு, கடிபடாவிட்டால் வராது. கொசுவலை, மருந்து, தடுப்பூசி எல்லாம் சேர்ந்து கடியையும் தொற்றையும் குறைக்கும்போது, குழந்தை எதிர்ப்பாற்றல் இல்லாமல் வளர்கிறது. பிறகு காவல் தளர்ந்தால்?

கிலிஃபியில் ஆர்டிஎஸ்,எஸ் மூன்று ஊசி போட்ட குழந்தைகளை ஏழு ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வு 2016-ல் வெளியானது. முதலாண்டில் சுமார் 36 சதவீதமாக இருந்த பாதுகாப்பு, நான்காம் ஆண்டில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போனது. கொசுத்தொல்லை அதிகமான பகுதிகளில், ஐந்தாம் ஆண்டில் ஊசி போட்ட குழந்தைகளுக்கே அதிகக் காய்ச்சல் வந்தது. ஊசி போடாத குழந்தைகள் அதற்குள் அடிபட்டுக் கற்றுக்கொண்டிருந்தார்கள். நான்காவது ஊசி ஏன் தேவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். ஆனால் அந்த ஊசி போட வேண்டிய வயதில் வேறு வழக்கமான தடுப்பூசிகள் அதிகம் இல்லை. நன்றாக ஓடியாடும் பிள்ளையை வேலையை விட்டுவிட்டுத் தூக்கிக்கொண்டு நடக்கத் தாய்க்கு நேரம் கிடைப்பதில்லை.

நாடு அளவில் இது நடந்தால் எப்படி இருக்கும் என்பதை மடகாஸ்கர் அனுபவித்தது. 1950-களில் அதன் மத்திய மேட்டுநிலங்களில் டிடிடி தெளித்து மலேரியாவை ஏறக்குறைய ஒழித்தார்கள். தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1980-களின் நடுவில் மலேரியா திரும்பி வந்தபோது ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள், பெரியவர்களும் விழுந்தார்கள். இதில் ஆராய்ச்சியாளர்கள் கவனித்த ஒன்று: டிடிடி காலத்துக்கு முன் பிறந்து, சிறுவயதில் மலேரியாவைப் பார்த்திருந்த முதியவர்கள் ஓரளவு தாக்குப்பிடித்தார்கள். முப்பதாண்டு கழித்தும் உடம்பு முழுதாக மறக்கவில்லை.

நமக்குப் பக்கத்திலும் ஒரு கதை உண்டு. இலங்கையில் 1963-ல் வெறும் 17 பேருக்குத்தான் மலேரியா. வெற்றி என்று தெளிப்பை நிறுத்தினார்கள். 1969-ல் 5 லட்சத்துக்கும் மேல். நல்லவேளையாக அது பெரும்பாலும் உயிர்கொல்லாத வைவாக்ஸ் வகை. மறுபடி தொடக்கத்திலிருந்து உழைத்து, 2012-ல் கடைசி உள்ளூர்த் தொற்றைப் பார்த்து, 2016-ல் மலேரியா இல்லாத நாடு என்று சான்று வாங்கினார்கள். இன்று அங்கே ஒரு தலைமுறைக்கே மலேரியா எதிர்ப்பாற்றல் கிடையாது. வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு வரும் ஒவ்வொருவரையும் அவர்கள் துரத்திப் பிடிப்பதற்குக் காரணம் அதுதான்.

ஆப்பிரிக்க நகரங்களுக்கு வேறொரு அச்சம். நகரவாசிகளுக்குக் கொசுக்கடி குறைவு, எனவே எதிர்ப்பாற்றலும் குறைவு. சென்னையில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிட்டுப் பழகிய அனாபிலிஸ் ஸ்டீஃபன்சி கொசு, 2012-ல் ஜிபூட்டியில் முதலில் தென்பட்டது. பிறகு எத்தியோப்பியா, சூடான் என்று பரவியது. 2022-ல் எத்தியோப்பியாவின் டிரே தாவா நகரில் மழையில்லாத காலத்தில் வந்த மலேரியாவுக்கும் இதுவே காரணம் என்று கண்டார்கள். எதிர்ப்பாற்றல் இல்லாத கோடிக்கணக்கான நகர மக்களிடம் நகரத்துக் கொசு வந்து சேர்ந்திருக்கிறது.

அதனால்தான் எதிர்ப்பொருளையே நேரடியாகச் செலுத்தும் யோசனை மீண்டும் வந்திருக்கிறது. தடுப்பூசி போட்டுக்கொண்ட ஒரு தன்னார்வலரின் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருளை மேம்படுத்தி, மாலியின் கலிஃபாபுகுவில் பெரியவர்களுக்குச் செலுத்தினார்கள். ஆறு மாதப் பருவத்தில் 88 சதவீதம் வரை தொற்றைத் தடுத்தது. இன்னொரு வகை, ஒரே ஊசியாகக் குழந்தைகளுக்குப் போட்டதில் 70 சதவீதம் வரை. மெக்ரிகர் செய்ததன் நவீன வடிவம் இது. விலைதான் கிராமத்துக்குப் போய்ச் சேரவிடாமல் தடுக்கிறது.

நம்மூர்க் காய்ச்சலுக்கு?

புனேயில் தயாராகும் ஊசி ஆப்பிரிக்காவுக்குப் போகிறது. இங்கே ஏன் போடவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. ஆர்டிஎஸ்,எஸ், ஆர்21 இரண்டும் ஃபால்சிபாரத்துக்கு மட்டுமே. ஒடிசா, சத்தீஸ்கர் காடுகளில் அது உண்டு. புவனேஸ்வரில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் உருவாக்கிவரும் ஆட்ஃபால்சிவாக்ஸ் தடுப்பூசியும் அதையே குறிவைக்கிறது. கூடவே கொசு வழியாக அடுத்தவருக்குப் பரவுவதையும் தடுக்கப் பார்க்கிறது. இன்னும் ஆரம்பக்கட்டம்தான்.

சென்னையில் வருவது பெரும்பாலும் வைவாக்ஸ். கல்லீரலில் தூங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்து மறுபடி எழுந்துவரும் வகை. இதற்கு இலக்கைக் காட்டியது ஒரு பிறவிக் கவசம். மேற்கு ஆப்பிரிக்கர்களில் பெரும்பாலோரின் சிவப்பணுவில் டஃபி என்ற புரதம் இல்லை. அதனால் வைவாக்ஸ் அவர்களிடம் நுழையத் திணறுகிறது என்று 1976-ல் லூயிஸ் மில்லர் குழு காட்டியது. டஃபியைப் பிடிக்க வைவாக்ஸ் பயன்படுத்தும் புரதத்தைத் தடுத்தால், நமக்கும் அவர்களுக்குள்ள பாதுகாப்பில் கொஞ்சமாவது கிடைக்கும். அந்தப் புரதத்தின் ஒரு பகுதி இந்தியாவில் தயாராகி, ஆக்ஸ்ஃபோர்டில் தன்னார்வலர்களுக்கு ஊசியாகப் போடப்பட்டது. ஊசிகளுக்கிடையே நீண்ட இடைவெளி விட்டுப் போட்டவர்களின் ரத்தத்தில் வைவாக்ஸ் பெருகும் வேகம் பாதியாகக் குறைந்தது என்று 2023-ல் அறிவித்தார்கள். பாதி வேகத்தில் பெருகினாலும் காய்ச்சல் வரும், சில நாள் தாமதமாக. அடுத்த சோதனைகள் வைவாக்ஸ் உலாவும் ஊர்களில் நடக்க வேண்டும்.